கர்னல் கார்லைலின் மகள்

ஸ்பைஸ்வுட் ஓடை, கென்டக்கி.
மே மாதம், வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய ஓபல் அக்காவுக்கு, உன் ஒரே தம்பி வெர்லின் டேக்கெட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி நெவாவும் கோழிகளும், என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாமும் கர்த்தரின் கிருபையால் சுகம். அங்கே டேட்டனில் நீயும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், மாடிப்படியில் உருண்டு விழுந்த உன் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. நின்றுகொண்டு படிக்காதே.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எங்கள் ஓடைக்கரையில் இன்னும் ஆறு வீட்டுக்கு ஒரே கம்பிதான் என்பதை ஒஹாயோவுக்குப் போன நாளிலேயே நீ மறந்துவிட்டாய். நான் ரிசீவரைத் தூக்கினால் மற்ற ஐந்து வீட்டிலும் மூச்சுவிடும் சத்தம் கேட்கும். போன மாதம் டாக்டரைக் கூப்பிட்டு என் மலச்சிக்கலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன், அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் மூன்று பெண்கள் ஆளுக்கொரு பொட்டலம் உலர்ந்த பிளம் பழம் கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள். அதனால் இந்தச் சமாசாரம் காகிதத்தில்தான் வரவேண்டியிருக்கிறது. முப்பது வருஷம் தபால்காரனாக இருந்தவன் என்பதால் காகிதத்தில்தான் எனக்கும் நம்பிக்கை.

போன இலையுதிர் காலத்தில் நீ வந்துவிட்டுக் கிளம்பும்போது காரின் கண்ணாடியை இறக்கி எனக்கு ஒரு உத்தரவு போட்டாய், ஞாபகமிருக்கும். “டேய் வெர்லின், அடுத்த கல்லறை அலங்கார ஞாயித்துக்குள்ள கெசையாவுக்கு ஒரு கல்லு நிக்கணும். அதுல அவ அப்பா பேரு இருக்கணும். இத்தனை பேரப் பெத்து வளர்த்த பொம்பள, ஐசம் டேக்கெட் பொண்டாட்டின்னு மட்டும் சொல்லிக்கிட்டு மண்ணுக்குள்ள கெடக்கறா. அவளும் ஒருத்தனுக்குப் பொண்ணாப் பொறந்தவதானே? எனக்கு வயசாயிட்டுது, நான் போறதுக்குள்ள அதப் பாத்துடணும்” என்றாய். கண்ணாடியை ஏற்றும்போது உன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததால்தான் சரி என்று தலையாட்டினேன். இல்லாவிட்டால் நம் தாத்தாவின் பாட்டிக்குத் தகப்பன் தேடும் வேலையை இந்த முழங்காலோடு ஒப்புக்கொண்டிருப்பேனா?

அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டுதான். ரோடும் பாலமும் இல்லாத நாளில் மலைக்கணவாய் வழியாக இந்தக் காட்டுக்குள் வந்து சேர்ந்தாள், வீட்டுக்குள் புகுந்த மலைப்புலியை இரும்புச் சட்டியால் அடித்துக் கொன்றாள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தப் புலி ஒரு நாய் அளவுதான் இருந்தது. டேட்டனுக்குப் போனபிறகு உன் வாயில் அது வளர்ந்து, போன கிறிஸ்துமஸுக்கு ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது என்று உன் மகள் எழுதியிருந்தாள். புலி வளர்ந்ததே தவிரத் தகப்பன் பெயர் வரவில்லை.

நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். முதலில் கோர்ட்டுக்குப் போனேன். அங்கே சூயிங்கம் மென்றுகொண்டிருந்த பெண், நான் வாயைத் திறப்பதற்குள் “எரிஞ்சுபோச்சு தாத்தா” என்றாள். எது என்று கேட்டேன். “நீங்க எதத் தேடி வந்தீங்களோ அதுதான். கோர்ட்டு ரெண்டு தடவ எரிஞ்சிருக்கு. மொத தடவ தப்பிச்சது ரெண்டாவது தடவ எரிஞ்சிருக்கும்” என்றாள். பிறகு நம் பக்கத்துக் கல்லறைகளையெல்லாம் முட்செடிக்குள் புகுந்து பார்த்தேன், உண்ணி கடித்ததுதான் மிச்சம். நெவா என்னைச் சமையலறை நடுவில் நிற்கவைத்து ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கிக்கொண்டே, “உயிரோட இருக்கற சொந்தக்காரங்களே நமக்கு அதிகம். செத்தவங்களத் தேடிப்போய் உண்ணி வாங்கிட்டு வர்றீங்க” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மலைக்காரர்கள் ஒரு மகனுக்காவது தாய் பிறந்த குடும்பத்தின் பெயரை முதல் பெயராக வைப்பது வழக்கம். கெசையாவின் மூத்த மகன் வைலி, அடுத்தவன் ஜெஸ்ஸி, மூன்றாவது மகன் பெயர் கார்லைல். டேக்கெட் வம்சத்தில் முன்னாலும் பின்னாலும் கார்லைல் என்று ஒருவரும் கிடையாது. அப்படியானால் அவள் பிறந்த குடும்பம் கார்லைல் குடும்பம்தான் என்று தீர்மானித்தேன். டவுன் நூலகத்தில் வர்ஜீனியாவின் பெரிய குடும்பங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதைத் திறந்தால் சொல்லிவைத்தாற்போல ஒரு கர்னல் கார்லைல். செங்கல் வீடு, குதிரை லாயம், வெள்ளித் தட்டு, ஏழு மகள்கள். ஆறு மகள்களுக்குப் பெயர் போட்டிருந்தது, ஏழாவது ‘இன்னொரு பெண்’ என்று மட்டும் இருந்தது. அந்த இன்னொரு பெண் நம் கெசையாவாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. அதே சூட்டில் உனக்கு எழுதிவிட்டேன்.

அதன்பிறகு நடந்ததில் உனக்கும் பங்கு உண்டு என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். கடிதம் கிடைத்த அந்த வாரமே உன் சர்ச்சில் எழுந்து நின்று, நாம் கர்னலின் வம்சம் என்று சாட்சி சொல்லிவிட்டாய். காப்பிக் கோப்பையைப் பிடிக்கும்போது சீமாட்டி போல உன் சுண்டுவிரல் தனியாக நிற்கிறது என்று உன் மகள் எழுதினாள். ஒரு தொப்பியும் வாங்கியிருக்கிறாயாம். கல்வெட்டுக்கார ஹோபர்ட்டுக்கு நீ நேராகவே எழுதிப்போட, அவன் சாம்பல் நிறக் கிரானைட்டில் ஆழமாக வெட்டிவிட்டான்: ‘கெசையா. கர்னல் கார்லைலின் மகள். ஐசம் டேக்கெட்டின் மனைவி. மலைப்புலியைக் கொன்றவள்.’ கடைசி வரி நான் சொன்னதில்லை.

கல் தயாரானது. அதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய இடம்தான் தகராறு. கெசையாவின் கல்லறை, அந்தப் பேரில்லாத பாறைக்கல், தேவதாரு மரத்தடியில் ப்ரூயிட்டுகளின் மேய்ச்சல் நிலத்துக்குள் இருக்கிறது. அந்த மேடு எப்படி அவர்கள் வேலிக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. அலங்கார ஞாயிறுதோறும் நாமெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று பூக்களை அந்தப் பக்கம் எறிவோமே, அப்பா எறிந்தால் சரியாகக் கல்லிலேயே போய் விழும், நான் எறிந்தது முள்கம்பியில் மாட்டிக்கொண்டு ஆடும், நீ என் தலையில் குட்டுவாய். நானோ தபால் வண்டியில் தினமும் ப்ரூயிட் பெட்டியில் கடிதம் போட்டவன், பெட்டிக்குப் பின்னால் நின்ற மனிதரிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. தாத்தா காலத்துப் பன்றி வழக்கு அப்படி. பன்றி யாருடையது என்று தெரிய அதன் காதில் நாம் வெட்டும் காதுக்குறியை ப்ரூயிட்டுகள் காப்பியடித்து நம் பன்றியைத் திருடினார்கள் என்று தாத்தா வழக்குப் போட, அவர்கள் நம்மைத் திருடர்கள் என்று எதிர்வழக்குப் போட, சாட்சிப் பொருளாகப் பன்றியைக் காவலில் வைத்திருந்த அந்தக் காலத்து ஷெரீப் வழக்கு முடிவதற்குள் அதைத் தின்று தீர்த்துவிட்டார். பன்றி போனாலும் பகை மட்டும் குறையவில்லை.

“கேக்காம அவங்க நெலத்துல குழி தோண்டுனீங்கன்னா, பக்கத்துலயே உங்களுக்கும் ஒண்ணு தோண்டிடுவாங்க. போய் மனுஷனா கேளுங்க” என்று சொல்லி நெவா ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் செய்யும் ‘பை’ என்ற இனிப்புப் பண்டம் ஒன்றைச் சுட்டு, துணி போட்டு மூடி என் கையில் கொடுத்தாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு போனேன். ப்ரூயிட் வீட்டில் நாய் இருக்கும் என்று எண்ணி நாய்க்கு ஒரு பிஸ்கட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர்கள் வைத்திருப்பது வாத்து. பெரிய வெள்ளை வாத்துகள், பாம்பு போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு பட்டாளமே வந்தது. பிஸ்கட்டை அவை மதிக்கவில்லை. நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஒரு வேலியில் ஏறினேன், வேலிக்கு அந்தப் பக்கம் பன்றிப்பட்டி. முழங்கால் கைவிட்டது. பையோடு போய் விழுந்தேன். பை எனக்கு முன்னால் விழுந்ததால் முகத்துக்கு அடி இல்லை. ஒரு பெண்பன்றி வந்து என் நெஞ்சிலிருந்த ருபார்ப்பை நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. அதன் இரண்டு காதும் என் மூக்குக்கு முன்னால் இருந்தன. இடது காதில் நுனி வெட்டு, வலது காதின் அடிப்பக்கம் பிறை போல ஒரு வெட்டு. நம் அப்பாவின் குறி, அக்கா. அச்சு அசலாக அதேதான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. சேற்றிலிருந்து எழுந்து நின்றால் வேலியில் கைவைத்துக்கொண்டு டெல்மர் ப்ரூயிட் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆம், அதே டெல்மர். இப்போது தலை பஞ்சாக வெளுத்துவிட்டது, மனைவி போய்ச் சில வருஷங்களாகின்றன, முதுகு மட்டும் வளையவில்லை.

“எங்க குறியத் திருடுனது பத்தாதா? இன்னுமா வெட்டிக்கிட்டிருக்கீங்க?” என்று கத்தினேன்.

“மொதல்ல என் பன்னிய விட்டுத் தள்ளி நில்லு. அது சாப்பிடுது” என்றார் அவர். “உங்க குறியாம்ல. வெர்லின், ஐசம் டேக்கெட் இந்த ஓடைக்கு வந்தப்ப அவன் கையில என்னடா இருந்துச்சு?”

இந்தக் கேள்விக்குப் பதில் நமக்கு ஞானஸ்நானத்துக்கு முன்பே தெரியும். “ஒரு துப்பாக்கி, ஒரு பிடில்” என்றேன் பெருமையாக.

“பன்னி?”

“பன்னி இல்ல.”

“பன்னியே இல்லாதவனுக்குக் காதுக்குறி எதுக்கு? அது அப்பன்கிட்டேருந்து புள்ளைக்கு வர்றது. அவன் வீட்டுக்குப் பன்னி எங்கேருந்து வந்துச்சு, குறி எங்கேருந்து வந்துச்சு? யோசிச்சுப் பாரு. நான் அவசரப்படல.”

நான் சேற்றில் நின்று யோசித்தேன். பன்றியும் மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. எனக்கு விடை தெரிந்துவிட்டது.

“அவ கொண்டுவந்தது” என்றார் டெல்மர். “கெசையா. எங்க ஜூபல் ப்ரூயிட்டோட மக. கல்யாணமாகிப் போறப்ப அப்பன் வீட்டுப் பன்னியோட அப்பன் வீட்டுக் குறியையும் ஓட்டிக்கிட்டுப் போனா. ரெண்டு வீட்டுக் குறியும் ஒண்ணா இருக்கறது திருட்டு இல்லடா. சொந்தம்.”

 வேலியைப் பிடித்துக்கொண்டு கடைசி அஸ்திரமாகக் கர்னலை எடுத்து விட்டேன். மூன்றாவது மகன் பெயர் கார்லைல், அது தாய் வீட்டுப் பெயராகத்தானே இருக்கவேண்டும் என்றேன்.  டெல்மர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். வாத்துகளெல்லாம் கலைந்து ஓடின.

“கார்லைல் குதிரைடா” என்றார். “பென்சில்வேனியாவுல கார்லைல்ங்கிற ஊர்ல ஜூபல் வாங்குன சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. ஆறு பெருகுன வருஷம் இவளையும் வயித்துல இருந்த புள்ளையையும் முதுகுல வச்சு நீந்திக் கரையேத்துச்சு. புருஷன் அந்தாண்ட கரையில பிடில் நனையாமப் பாத்துக்கிட்டிருந்தான். புள்ள பொறந்தப்ப வேற யாரு பேர வைப்பா? அந்த மலைப்புலி இருக்கே, அதையும் மிதிச்சுக் கொன்னது கார்லைல்தான். இவ சட்டியோட ஓடிவர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

இவ்வளவு தெரிந்தும் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். “எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். உங்க தாத்தா கோர்ட்ல எங்களத் திருடன்னு சொன்ன அன்னிக்கு எங்க தாத்தா சத்தியம் வாங்கிட்டாரு. அவ நம்ம பொண்ணுங்கறத டேக்கெட்டுகளுக்கு எவனும் சொல்லக்கூடாது, அந்தப் பெருமை அவனுங்களுக்கு வேணாம்னு” என்றார். நாம் அவர்களை விலக்கி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அக்கா. அவர்கள்தான் நம்மை விலக்கி வைத்திருக்கிறார்கள். வேலியில் மாட்டிய பூக்களையெல்லாம் நாம் போனபிறகு எடுத்துக் கல்லின் மேல் வைப்பது அவர்கள் வீட்டுப் பெண்களின் வேலையாம். “உன் பூவு மட்டும் எப்பவும் கம்பியிலதான் இருக்கும்” என்றார்.

அதன்பிறகு அவர் கேட்டது: “ஓபல் வருவாளா அலங்கார ஞாயித்துக்கு?”

இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நேரம் பன்றியையும் வாத்தையும் சுற்றி வந்தேன். பள்ளிக்கூடத்தில் நடந்த அந்தப் பை விருந்து உனக்கு மறந்திருக்காது. பெண்கள் செய்து கொண்டுவந்ததை ஏலம்போட, எடுத்தவன் செய்தவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உன் ஆப்பிள் அடுக்குக் கேக்கை டெல்மர் ஏலத்தில் எடுத்தார், அப்பா எழுந்து வந்து அதை அவர் கையிலிருந்து பிடுங்கி நாய்க்குப் போட்டார். “டேக்கெட் ரத்தமும் ப்ரூயிட் ரத்தமும் ஒரே தட்டுல சாப்பிடாது” என்று ஊர் முன்னால் சொன்னார். அடுத்த வசந்தத்தில் நீ டேட்டனுக்கு பஸ் ஏறிவிட்டாய். அங்கே நீ கட்டிக்கொண்ட, இப்போது கர்த்தரிடம் இருக்கும் ரஸ்ஸல் அத்தான் தங்கமான மனிதர், அவரை நான் ஒரு நாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நீ பஸ்ஸில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த ரத்தமும் இந்த ரத்தமும் ஒன்றுதான் என்று அன்றைக்கு டெல்மர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா என்ன பதில் சொல்லியிருப்பார்? அதை டெல்மரிடமே கேட்டேன். “நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. தாத்தா சத்தியம். அப்ப எனக்குச் சின்ன வயசு, சத்தியம் பெருசாத் தெரிஞ்சுது. இப்ப அவதான் பெருசாத் தெரியுறா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் சேறு என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அவரும் சேறு என்றே எடுத்துக்கொண்டார்.

கல் விஷயத்துக்கு வருகிறேன். ஹோபர்ட்டிடம் ஓடினேன். “கிரானைட்டுல வெட்டுனத அழிக்க நான் என்ன கரும்பலகையா வச்சிருக்கேன்? திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வெட்டித் தர்றேன், எடுத்துட்டுப் போ” என்றான். அப்படியே செய்தாயிற்று. பின்பக்கத்தில் இப்போது ‘கெசையா. ஜூபல் ப்ரூயிட்டின் மகள்’ என்று அழகாக இருக்கிறது. கணவனையும் புலியையும் விட்டுவிடச் சொன்னேன். கர்னலின் பக்கம் மலையைப் பார்த்து நிற்கும், ஒருவர் கண்ணிலும் படாது. நீ டேட்டனில் எழுந்து நின்று சொன்னதை உட்கார்ந்துகொண்டு மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். தொப்பி எந்தத் தகப்பனுக்கும் பொருந்தும். அவளும் ஒருத்தனுக்குப் பொண்ணாப் பொறந்தவதானே என்று கேட்டாயே, அந்த ஒருத்தன் வர்ஜீனியாவில் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். உனக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை, அலங்கார ஞாயிற்றுக்கு நீயும் வந்துவிடு. கேட்டைத் திறந்து வைப்பதாக டெல்மர் சொல்லியிருக்கிறார். இந்த முறை பூ எறிய வேண்டாம், நடந்துபோய் வைக்கலாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், பூனைக்கு என் விசாரிப்பு, உன் சர்ச்சின் பாஸ்டருக்கு மன்னிப்போடு கூடிய வணக்கம். நெவா தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், பை டின்னைப் பன்றி நசுக்கிவிட்டதால் வரும்போது ஒரு புது டின் வாங்கிவரவும் சொன்னாள். கர்த்தர் உன்னைக் காத்து, கோபத்தைக் குறைத்து, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படியும் தம்பி,
வெர்லின்.

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன், எச்சில் வீண். இன்று சாயங்காலம் கல்லுக்கு அடித்தளம் போட நானும் டெல்மரும் மரத்தடியில் குழி தோண்டினோம். இரண்டடி போவதற்குள் மண்வெட்டி எலும்பில் தட்டியது. இருவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றோம். பிறகு பல் வரிசை தெரிந்தது. கெசையாவுக்குப் பல் பெரிது என்று அப்பா சொல்வார், ஆனால் என் கட்டைவிரல் அளவுக்கு என்று சொன்னதில்லை. கூடவே துருப்பிடித்த நாலு லாடம். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் கழற்றினோம். இத்தனை காலமாக ஒரு வீட்டார் வேலிக்கு வெளியே நின்றும் ஒரு வீட்டார் உள்ளே நின்றும் பூப்போட்டு ஜெபம் பண்ணியது கார்லைலுக்கு, அக்கா. செத்தால் குதிரைக்குப் பக்கத்தில் புதையுங்கள் என்று கெசையா சொல்லிவைத்திருந்தாளாம், அதனால் அவளும் அந்த மரத்தடியில் எங்கேயோதான் இருக்கவேண்டும், எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. ஆக, மேலே நான் எழுதியதெல்லாம் தப்பு. நாங்கள் மறைத்து வைத்த பக்கத்தில் கார்லைல் என்ற பெயரும் சரி, மலைப்புலியைக் கொன்றவள் என்பதும் சரி. எந்தப் பக்கம் முன்னால் நிற்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை. கல்லைச் சாக்கின் மேல் படுக்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். “ஓபல் வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் அது படுத்தே கெடக்கட்டும்” என்கிறார் டெல்மர். வரும்போது ஆப்பிள் அடுக்குக் கேக் ஒன்று செய்து கொண்டுவரச் சொன்னார். தட்டு ஒன்றே போதுமாம்.